ஊரும் உபாத்தியாயரும் (திருகோணமலைக் கல்விச் சரித்திரம்: 9)

1795 ஆம் ஆண்டு ஓகஸ்டு மாதத்தில் ஒல்லாந்தரிடமிருந்து கோட்டையைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் திருகோணமலையைத் தம் கடற்படைத் தளமாக்கிக் கொண்டதையும், குடாவின் கரையில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறைகளும் கிடங்குகளும் கந்தோர்களும் எழுந்து, கடலையும் வயலையும் நம்பி வாழ்ந்த ஊர் மாதச் சம்பளத்தையும் நம்பத் தொடங்கியதையும் சென்ற பகுதியில் விரிவாகக் கண்டோம். அவ்வாறு அந்நியரின் தேவைக்காக வளர்ந்த ஒரு பட்டினத்தில், ஜனங்கள் தங்கள் பிள்ளைகளுக்கும் தங்களுக்கும் வேண்டிய கல்வியைத் தாமே எங்ஙனம் அமைத்துக் கொண்டார்கள் என்பதையும், அந்த அமைப்பில் யாருக்கு இடம் இருந்தது, யாருக்கு இல்லை என்பதையும் இப்பகுதியில் பார்ப்போம்.

கல்வித் தத்துவம் பயிலும் ஆசிரிய மாணவர் பெஸ்தலோசியின் அநாதைப் பள்ளியையும் புரோபலின் குழந்தைத் தோட்டத்தையும் பாடமாகக் கற்கிறார், கற்க வேண்டியதுதான். ஆயினும், ஐரோப்பா முழுவதும் பரவி லட்சக்கணக்கான ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த ஒரு போதனா முறை தமிழ்த் திண்ணையின் மணலிலிருந்து எடுத்துச் செல்லப்பட்டது என்பதை அதே மாணவரிடம் யாரும் அழுத்தமாகச் சொல்வதில்லை. 1789 இல் சென்னையில் இராணுவத்தாரின் அநாதைச் சிறுவர் விடுதிக்குப் பொறுப்பாளராக அமர்ந்த அன்ட்ரூ பெல் என்னும் ஸ்கொத்லாந்துப் பாதிரியார், ஒருநாள் குதிரையில் செல்லும்போது, சிறுவர்கள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுத்துப் பழகும் நம்மவர் பள்ளி ஒன்றைக் கண்டார். அவர் அதைத் தம் விடுதியிலும் செய்து பார்க்கச் சொல்ல, அங்கிருந்த உபாத்தியாயர்கள் மறுத்துவிட்டார்கள். ஆகவே பிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனையே ஆசிரியனாக்கி, தன்னிலும் இளையவர்க்கு அரிச்சுவடி கற்பிக்கச் செய்தார். அது பலித்தது. 1797 இல் லண்டனில் அவர் வெளியிட்ட அறிக்கையின் வழியே 'சென்னை முறை' என்று பெயர் பெற்ற அந்த ஏற்பாடு, இங்கிலாந்தின் தேவாலயப் பள்ளிகளெங்கும் பரவிற்று.

மூத்த மாணாக்கன் இளையவனுக்குக் கற்பிப்பது நம் ஊர்களில் யாரும் புதிதாகக் கண்டுபிடித்த உபாயமன்று. விஜயதசமியில் ஏடு தொடக்கிய பிள்ளை முதலில் மணலிலும் பின்பு ஓலையிலும் எழுதி, ஆத்திசூடியையும் கொன்றைவேந்தனையும் மனனம் செய்து, எண்சுவடியையும் நிகண்டையும் கடந்து வரும் வழியில், அவனுக்கு நாள்தோறும் பாடம் கேட்பவன் சட்டாம்பிள்ளையே. உபாத்தியாயரோ அனைவரையும் பார்த்துக்கொண்டு, தேர்ந்தவனுக்கு மட்டும் நேரே உபதேசிப்பார். அறுவடைக் காலத்தில் நெல்லும், விசேஷ தினங்களில் வேட்டியும் காணிக்கையும் அவர் வீடு சேரும். அவரை நியமித்த அதிகாரி யாருமில்லை. ஊர் அவரை வைத்துக்கொண்டது. அவர் ஊரை நம்பியிருந்தார். பிள்ளை வாசிக்கப் பழகவில்லையானால் தகப்பன் திண்ணைக்கு வந்து நியாயம் கேட்பான். கல்விப் பரிசோதகர் என்னும் உத்தியோகம் நம் நாட்டுக்கு வருமுன்பே அந்தப் பரிசோதனை அங்கே நடந்துகொண்டிருந்தது.

திண்ணையைப் பற்றி எழுதுவோர் பலர், பெரியவர்களுக்கு இருந்த பள்ளியைப் பற்றி எழுதுவதில்லை. அந்தப் பள்ளி கோயில் மண்டபத்தில் நடந்தது. திருகோணமலைப் பட்டினத்திலும், தம்பலகாமத்து வயல் நாட்டிலும், மகாவலி கங்கை கடலோடு கலக்கும் கொட்டியாபுரப் பற்றிலும், சைவர் வாழும் ஊர்களில் புராணபடனம் என்பது ஆண்டுதோறும் நாட்கணக்காக நடைபெறும் வழக்கம். ஒருவர் கந்தபுராணத்தையோ பெரியபுராணத்தையோ இராகத்தோடு படிக்க, மற்றொருவர் செய்யுள்தோறும் நிறுத்திப் பயன் சொல்லுவார். பயன் சொல்லுபவர் பதவுரை கூறுவதோடு நிற்பதில்லை. இலக்கண நுட்பத்தையும் சித்தாந்தக் கருத்தையும் லோக நியாயத்தையும் எடுத்து விரிப்பார். கீழே அமர்ந்து கேட்பவரிலே எழுத்தறியாத உழவரும் வள்ளம் தள்ளுபவரும் உண்டு. ஆண்டாண்டாகக் கேட்ட பழக்கத்தினால், சூரபன்மனுக்கும் வீரவாகு தேவருக்கும் நிகழ்ந்த வாதத்தில் எந்தச் செய்யுளுக்குப் பின் எந்தச் செய்யுள் வரும் என்பது அவர்களுக்குத் தெரியும். பயன் சொல்லுபவர் தவறினால் திருத்தவும் தெரியும். எழுத்தறிவு வேறு, கல்வி வேறு என்பதற்கு இதனினும் நல்ல சாட்சியம் எனக்குத் தெரியாது. முதியோர் கல்வி என்ற பெயரில் இன்று வகுக்கப்படும் திட்டங்களில் எதற்கும் இவ்வளவு நீண்ட ஆயுளும் இவ்வளவு உற்சாகமான சபையும் வாய்த்ததில்லை என்பது என் துணிபு. கண்ணகி அம்மன் கோயில்களில் குளிர்த்திக் காலத்தில் படிக்கப்படும் வழக்குரையும், அண்ணாவியார் பல மாதம் இரவில் ஆடிப் பழக்கும் கூத்தும் இவ்வகையில் சேர்த்து எண்ணத் தக்கவை. கிண்ணியாவிலும் மூதூரிலும் முஸ்லிம் பிள்ளைகள் லெப்பையிடம் ஓதப் போனதும், அறபு எழுத்தில் தமிழை எழுதிப் படித்ததும் தனி அத்தியாயத்துக்கு உரிய பெரிய விஷயமாதலால் இங்கே தொட்டு மாத்திரம் செல்கிறேன்.

இவ்வளவும் சொன்ன பிறகு மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஊர் தானே நடத்திய பள்ளி, ஊர் என்று தான் யாரைக் கருதியதோ அவர்களுக்கே கற்பித்தது. திண்ணையில் ஏறும் உரிமை சாதியால் வரையறுக்கப்பட்டிருந்தது. புராணம் கேட்கும் மண்டபத்தின் படியும் அவ்வாறே. பெண்பிள்ளை வீட்டில் கேட்டதே அவளுக்குக் கல்வி. சமூகத்தின் மடியில் வளரும் கல்வியை மனமாரப் போற்றுபவன் நான். ஆனால், அந்த மடி யாரை ஏற்றது, யாரை இறக்கிவிட்டது என்று கேளாமல் போற்றுவது சரித்திரமாகாது. திருகோணமலையின் கல்விச் சரித்திரத்தைத் திரும்பத் திரும்பப் படிக்குந்தோறும், ஊர் என்ற அந்த எல்லை எப்பொழுது, யாரால், எந்த விலைக்கு விரிந்தது என்பதே அதன் நடு நூலாக எனக்குத் தோன்றுகிறது.

முதலில் அந்த எல்லையைத் தாண்டியவர்கள் மிஷனரிமார். 1814 இல் இலங்கையில் வந்திறங்கிய வெஸ்லியன் சபையார் பின்னர்க் கிழக்குக் கரையில் பள்ளிகள் நிறுவினார்கள். கத்தோலிக்கரின் சூசையப்பர் கல்லூரி 1867 இல் தொடங்கிற்று. இப்பள்ளிகளில் பெண்பிள்ளைகள் படித்தார்கள். திண்ணையில் இடம் பெறாதவர்களுக்கும் அங்கே இடம் கிடைத்தது. அதற்குரிய விலை மதமாற்றத்தின் நிழலாயிருந்தது. 1869 இல் பொதுப் போதனைத் திணைக்களம் ஏற்பட்டு, உதவி நன்கொடை முறை நிலைபெற்றபோது, ஏற்கெனவே உள்ள பள்ளிக்கு அண்மையில் எழும் புதுப் பள்ளிக்கு நன்கொடை இல்லை என்று விதிக்கப்பட்ட தூர நியமம், முந்தி வந்தவர்க்குச் சாதகமாகவும் பிந்தி எழுந்த சைவர்க்கும் பௌத்தர்க்கும் பாதகமாகவும் முடிந்தது. இந்த நெருக்கடியே சைவரைத் தங்கள் கையில் உள்ளதைக் கொண்டு பள்ளி கட்டத் தூண்டியது எனலாம். ஆறுமுக நாவலர் 1847 டிசம்பர் 31 ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் முதற் பிரசங்கத்தைச் செய்து, மறு ஆண்டிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவி, கோயில் மண்டபத்தையும் பள்ளியையும் ஒரே கருமத்தின் இரு கைகளாக்கிக் காட்டிய வழி, அவர்களுக்கு முன்னே இருந்தது.

அவ்வழியில் 1897 இல் திருகோணமலையில் இந்துக்களின் ஆண்பிள்ளைகளுக்கென எழுந்த பள்ளியே, இன்று இ.கி.ச. ஸ்ரீ கோணேஸ்வரா இந்துக் கல்லூரி என வழங்குவது. அதே ஆண்டு ஜனவரி 15 இல்தான் சுவாமி விவேகானந்தர் மேலைநாட்டிலிருந்து திரும்பிக் கொழும்பில் இறங்கி, கண்டி, அநுராதபுரம் வழியாக யாழ்ப்பாணம் சென்று பாம்பனுக்குக் கடல் கடந்தார்; மே முதலாம் தேதி இராமகிருஷ்ண மிஷனைத் தோற்றுவித்தார். அவர் திருகோணமலைக்கு வரவில்லை. எனினும் அவருடைய கல்விக் கருத்து இருபத்தெட்டு ஆண்டு கழித்து வந்து சேர்ந்தது. அது எப்படிப்பட்ட கருத்து? மைசூர் மகாராஜாவுக்கு 1894 இல் எழுதிய கடிதத்தில் அவர் சொன்னதன் சாரம் இது: இலவசப் பள்ளி திறந்துவிட்டால் மட்டும் ஏழைப் பிள்ளை வந்துவிடமாட்டான், வறுமை அவனை வயலுக்கே இழுக்கும்; ஆதலால் கல்வி அவன் இருக்குமிடத்துக்குப் போக வேண்டும்; மாயவிளக்கையும் பூகோள உருண்டையையும் கொண்டு சந்நியாசிகள் மாலை வேளையில் கிராமத்துக்குச் சென்று, கதையாலும் படத்தாலும் உலகத்தை அவனுக்குக் காட்ட வேண்டும். தென்மார்க்கில் குருண்ட்விக்கின் எண்ணத்தில் எழுந்த ஜனப் பள்ளிகளும், 1922 இல் தாகூர் தொடங்கிய ஸ்ரீநிகேதனமும், 1937 இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியும், உழைப்பவனுடைய வாழ்க்கையிலிருந்தே அவன் கல்வி தொடங்க வேண்டும் என்னும் இதே நம்பிக்கையின் கிளைகளாகும்.

இராமகிருஷ்ண மிஷனின் வருகைக்கு முன்னரே, ஊர் என்ற எல்லையை மற்றொரு திசையில் விரித்த இருவரைக் குறிப்பிட வேண்டும். திருகோணமலையிற் பிறந்து சென்னையில் வாழ்ந்து 37 வயதளவில் மறைந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளை, 'மோகனாங்கி' என்னும் சரித்திர நாவலை 1895 இல் வெளியிட்டவர் என்றே பெரும்பாலோர் அறிவர். அதற்கு மூன்றாண்டு முன்பே அவர் 'தத்தைவிடு தூது' என்ற சிறு பிரபந்தத்தில், பெண்ணின் மனத்தைக் கேளாமல் அவள் வாழ்வைப் பிறர் தீர்மானிக்கும் வழக்கத்தை அவள் வாயாலேயே கண்டித்திருந்தார். அந்தப் பழைய தூதுப் பிரபந்தத்துக்குள் அவ்வளவு புதிய விஷயத்தை அவர் வைத்தது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. அவர் எழுத்தில் வைத்ததை மண்ணில் ஊன்றியவர் தங்கம்மா சண்முகம்பிள்ளை அம்மையார். 1923 இல் இந்துப் பெண்களுக்கென அவர் ஆரம்பித்த பாடசாலையே இன்றைய ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரி. கல்விப் பணிக்குக் கல்வித் திணைக்களத்தின் ஏவலோ மிஷனின் பணமோ முதலில் வேண்டுவதில்லை, ஒரு மனிதருடைய சங்கற்பமும் அதை ஏற்கும் ஓர் ஊரும் போதும் என்பதை இப்பாடசாலையின் பிறப்புக் காட்டுகிறது.

1925 இல் இந்துக் கல்லூரியின் பரிபாலனத்தை இராமகிருஷ்ண மிஷன் ஏற்றது. அப்பொறுப்பைத் தாங்க வந்தவர் சுவாமி விபுலானந்தர். 1892 மார்ச் 27 இல் காரைதீவில் பிறந்த மயில்வாகனன் அவர். கற்பித்தலின் சாஸ்திரத்தையும் அநுபவத்தையும் ஒருங்கே பெற்றவர்கள் அக்காலத்தில் அரியர், இவர் அத்தகையவர். கொழும்பு ஆசிரிய கலாசாலையில் பயிற்சி பெற்றவர். விஞ்ஞானத்தில் டிப்ளோமாவும், 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதப் பட்டமும், 1920 இல் லண்டன் பல்கலைக்கழகத்து பி.எஸ்.ஸி. பட்டமும் பெற்றவர், யாழ்ப்பாணத்துச் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்து, மானிப்பாய் இந்துக் கல்லூரிக்கு அதிபராயிருந்தவர். கத்தோலிக்கர் பள்ளியில் படித்துக் கத்தோலிக்கர் பள்ளியில் கற்பித்தவர் சைவப் பிள்ளைகளின் கல்விக்கு வழிகாட்டியாக வந்தார். ஆதலால் அவரிடம் பிற சமயத்தார் மீது காழ்ப்பு இருக்கவில்லை. 1922 இல் மயிலாப்பூர் மடத்தைச் சேர்ந்து, 1924 இல் சுவாமி சிவானந்தரிடம் துறவு பெற்று மறு ஆண்டு இலங்கை திரும்பியபோது, மயிலாப்பூரில் தாம் அருகிருந்து கண்ட மாணவர் இல்லத்தின் மாதிரியையும் அவர் மனத்திற் கொண்டு வந்திருக்க வேண்டும். உணவும் உறையுளும் கல்வியும் ஒரே கூரையின் கீழ் ஏழைப் பிள்ளைக்குக் கிடைத்தாலன்றிச் சமத்துவம் வெறுஞ்சொல்லாய்ப் போகும் என்பது அந்த இல்லத்தின் பாடம்.

திருகோணமலையில் அவர் முகாமையாளராகவும் சில காலம் அதிபராகவும் பணி செய்தார். 1927 இல் புகையிரதம் பட்டினத்துக்கு வந்தது. சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள் எழுந்துகொண்டிருந்தன. கடற்படைக் கந்தோர்களில் எழுதுவினைஞர் வேலை கிடைத்தது. ஆங்கிலம் அறிந்தவனுக்கு உடனே கூலி கிடைக்கும் இவ்வாறான ஒரு பட்டினத்தில், கல்வியை உத்தியோகத்துக்கு ஏணியாக மாத்திரம் கருதுவது எவர்க்கும் எளிது. விபுலானந்தர் ஆங்கிலத்தைக் குறைக்கவில்லை. தமிழையும் விஞ்ஞானத்தையும் சமயத்தையும் அதனோடு ஒரே ஆசனத்தில் இருத்தினார். விஞ்ஞானத்தைத் தாய்மொழியிலே சொல்ல இயலும் என்ற அவருடைய உறுதி பின்னர் 1930களில் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்கப் பணிக்கு அவர் தலைமை தாங்கியபோது பெரிய அளவில் வெளிப்பட்டது. மட்டக்களப்புக் கல்லடி உப்போடையில் 1929 இல் சிவானந்த வித்தியாலயம் எழுந்ததும் இக்காலத்து நிகழ்ச்சியே.

அவருடைய கல்வி நெறியை அளந்தறிய வேண்டுமானால் திருகோணமலையை விட்டுச் சிறிது தூரம் செல்ல வேண்டும். 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்த அவர், பகலில் பட்டப் படிப்பு மாணவர்க்குச் சங்க நூல் கற்பித்துவிட்டு, மாலையில் அருகிலுள்ள திருவேட்களத்தில் தாழ்த்தப்பட்டோர் வாழ்ந்த சேரிக்குச் சென்று பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் சேரியில் அரிச்சுவடி கற்பிப்பது அந்நாளில் பலருக்கு உவப்பாயிருந்திராது. விவேகானந்தர் 1894 இல் கடிதத்தில் எழுதியது 1931 இல் ஒரு கிழக்கிலங்கைத் தமிழரின் மாலைப் பொழுதாயிற்று. திண்ணையும் புராண மண்டபமும் எந்தப் படியில் நின்றுவிட்டனவோ அந்தப் படியை அவர் இறங்கிக் கடந்தார். அவர் எழுதிய நூல்களைப் புகழ்ந்து பேசும் கூட்டங்கள் ஆண்டுதோறும் நடைபெறுகின்றன. 1947 இல் வெளிவந்த யாழ் நூலைப் புகழாதவர் இல்லை. திருவேட்களத்து மாலைகள் அவற்றுக்குச் சிறிதும் குறையாத சாதனை என்று நான் மனமறிந்து எழுதுகிறேன்.

அதே 1931 இல் இலங்கையில் 21 வயதடைந்த ஆண் பெண் அனைவருக்கும் வாக்குரிமை வந்தது. எழுத்தறியாதவனும் நாட்டின் காரியத்தைத் தீர்மானிக்கும் உரிமை பெற்றதும், பெரியவர்களின் கல்வி சமய சிரவணத்தோடு நிற்க முடியாதாயிற்று. 1930 இல் வீரகேசரியும் 1932 இல் தினகரனும் தோன்றின. கடைத்தெருவிலும் கரைவலை வாடிக்கு அருகிலும் ஓலைக் கொட்டிலில் ஒரு மேசையும் இரண்டு வாங்கும் இட்டு ஜனங்கள் வாசிகசாலை அமைத்தார்கள். ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்க, மற்றவர் கேட்டு, குறுக்கிட்டு, தர்க்கித்தார்கள். புராணபடனத்தில் பழகிய சபை அதே ஒழுங்கோடு இங்கே அமர்ந்தது. படிப்பவரும் பயன் சொல்லுபவரும் இங்கேயும் இருந்தார்கள், ஏடு மாத்திரம் மாறியிருந்தது. இந்த வாசிகசாலைகள் பிற்காலத்தில் சனசமூக நிலையங்களாக விரிந்து, முன்பள்ளியும் மாலை வகுப்பும் விளையாட்டுக் கழகமும் நடத்தலாயின. கிழக்கின் ஊரொன்றில் முதன்முதல் கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவனும், கணக்கறிக்கை வாசித்தவனும், எதிர்த்து வாக்களித்தவனும் அதைப் பெரும்பாலும் பழகிய இடம் அந்நிலையமே.

1942 ஏப்ரல் 9 ஆம் நாள் காலையில் ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடாவையும் தாக்கியதைப் பற்றி யுத்த அத்தியாயத்தில் எழுதுவேன். கல்விக்குரிய பெரிய மாறுதல் 1945 ஒக்ரோபர் முதலாம் தேதி வந்தது. கல்வி மந்திரி கன்னங்கராவின் விடாமுயற்சியால் இலவசக் கல்வி நாடெங்கும் நடைமுறைக்கு வந்தபோது, நெல்லும் காசும் கொடுக்க இயலாதவன் பிள்ளையும் பாடசாலை வாசலில் தலை நிமிர்ந்து நின்றான். 1960 இலும் 1961 இலும் இயற்றப்பட்ட சட்டங்களால் உதவி பெற்ற பாடசாலைகள் அரசாங்கத்தின் கைக்கு மாறின. மிஷன் நடத்திய இந்துக் கல்லூரியும் அவ்வாறே மாறிற்று. பெயரின் முன்னே உள்ள 'இ.கி.ச.' என்னும் எழுத்துக்கள் பழைய பரிபாலனத்தின் ஞாபகமாக நிலைத்தன.

இந்த மாற்றத்தை நான் எவ்வாறு மதிக்கிறேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. திண்ணையும் மண்டபமும் மறுத்ததை அரசாங்கப் பாடசாலை கொடுத்தது. சாதியும் வறுமையும் வாசலில் நின்று கேள்வி கேட்கும் உரிமையை இழந்தன. இது சிறிய காரியமன்று. இதற்கு முந்தைய காலத்துக்குத் திரும்ப எவரும் விரும்பலாகாது. ஆனால், பள்ளியை வைத்துக்கொண்ட ஊர், பள்ளியைக் கேட்கும் ஊராக மாறிவிட்டது. கூரை ஒழுகினால் முன்பு ஓலை வெட்டிவந்தவர்கள், பின்பு திணைக்களத்துக்கு மனு எழுதினார்கள். உபாத்தியாயரின் இடமாற்றம் கொழும்பிலே தீர்மானிக்கப்பட்டது. அவர் எந்த ஊர்ப் பிள்ளைக்குக் கற்பிக்கிறாரோ அந்த ஊருக்கு அவரிடம் நியாயம் கேட்கும் பழைய உரிமை தளர்ந்தது. சமத்துவத்தை அரசாங்கத்திடமும் பொறுப்பை ஊரிடமும் ஒருங்கே வைக்கும் வழி உண்டா என்பதே, கல்வித் தத்துவம் பயிலும் நம் இளைஞர் பேராசிரியரின் குறிப்பைப் பாடம் செய்வதற்கு முன் தம் சொந்த ஊரின் சனசமூக நிலையத்தில் சில மாதம் அமர்ந்து ஆராய வேண்டிய விஷயம். அங்கே யார் வருகிறார்கள், யார் வருவதில்லை, பெண்கள் எந்த நேரத்தில் வருகிறார்கள், கடலில் வாடைக்காற்று எழும் மாதங்களில் வகுப்பு எவ்வாறு மாறுகிறது, மூதூரிலும் கிண்ணியாவிலும் அடுத்தடுத்து வாழும் தமிழரும் முஸ்லிம்களும் எந்த நிலையத்தில் ஒன்றாக அமர்கிறார்கள் என்று கேட்டு எழுதத் தொடங்கினால், ஆராய்ச்சி தானே வளரும்.

அடுத்த பகுதியில் கிண்ணியா, மூதூர் ஓதப்பள்ளிகளையும், அறபுத் தமிழ் ஏடுகளையும், முஸ்லிம் பெண்பிள்ளைகளின் பாடசாலைப் பிரவேசத்தையும் எடுத்துக்கொள்வோம்.

(தொடரும்)